கருமுட்டைக் கொடை, விந்தணுக் கொடை வழி உருவான குடும்பங்கள் குறித்த ஆய்வில் பங்கேற்பது எப்படி? குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிறர் கொடுத்த கருமுட்டையாலோ விந்தணுவாலோ குழந்தை பெற்ற குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உறவு எப்படி அமைகிறது, பிறந்த விதம் பிள்ளைக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்டறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துவருகின்றன. நம் மாவட்டத்துத் தம்பதி ஒருவருக்கு அப்படியோர் அழைப்பு பல வழிகளில் வரலாம். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சிகிச்சை எடுத்த மருத்துவமனையிலிருந்து போன் வரலாம். உளவியலோ சமூகப்பணியோ படிக்கும் ஆய்வு மாணவி ஒருவர் தெரிந்தவர் மூலம் கேட்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வினாத்தாள் இணையம் வழியே வந்து சேரலாம். எந்த வழியில் வந்தாலும், சம்மதம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை, சம்மதித்த பின் கேட்டு வாங்க வேண்டியவை, நேர்காணலின்போது காத்துக்கொள்ள வேண்டியவை எனச் சில உண்டு. குடும்பங்கள் குறித்த நேர்காணல்களில் கேள்வி கேட்பவராக இருந்த அனுபவத்தைக் கொண்டு அவற்றை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலாவது, ஆய்வாளரிடம் பேசுவதற்கு முன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டும் என்பது. சர்க்கரை நோய் பற்றிய ஆய்வில் பங்கேற்பவர் தம் உடம்பைப் பற்றி மட்டும் சொல்கிறார். இந்த ஆய்விலோ நீங்கள் சொல்லும் ஒவ்வொரு செய்தியும் உங்கள் துணைவருக்கும் உரியது, உங்கள் பிள்ளைக்கும் உரியது. பிள்ளைக்கு இன்னும் தெரியாத ஒன்றை முன்பின் தெரியாத ஒருவரின் பதிவுக்கருவியில் நீங்கள் சொல்லப்போகிறீர்கள் என்பதை உணர்ந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை தேவையென்றால் பங்கேற்காமலே இருந்துவிடலாமே என்று தோன்றலாம். அப்படி நான் நினைக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பாக் தலைமையிலான குழு, 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த குழந்தைகளின் குடும்பங்களை, அவர்கள் கைக்குழந்தையாக இருந்தது முதல் 20 வயதாகும்வரை தொடர்ந்து சந்தித்து வந்தது. கருமுட்டைக் கொடை, விந்தணுக் கொடை, வாடகைத்தாய் ஆகிய வழிகளில் குழந்தை பெற்ற 65 குடும்பங்களை, இயல்பாகக் கருத்தரித்த 52 குடும்பங்களுடன் ஒப்பிட்டு 2023இல் வெளியிட்ட முடிவில், பிள்ளைகளின் மனநலத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஏழு வயதுக்கு முன்பே பிறப்பு விவரத்தைக் கேட்டறிந்த பிள்ளைகளுக்குத் தாயுடனான உறவில் உரசல் குறைவாக இருந்ததையும் அந்த ஆய்வு காட்டியது. ரத்த சம்பந்தம் இல்லாத பிள்ளை ஒட்டுமா என்று வருடக்கணக்கில் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு தாய்க்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல்! ஆனால் அந்தக் குடும்பங்கள் இங்கிலாந்தில் வாழ்ந்தவை. மாமியாரும் கொழுந்தன் குடும்பமும் ஒரே முற்றத்தில் புழங்கும் வீடு, கணவர் துபாயில் இருக்க மனைவி தனியே பிள்ளை வளர்க்கும் வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே ஒன்றாய் நின்று பேசும் கடற்கரைக் கிராமம் ஆகியவற்றின் கதையை அவர்களால் சொல்ல முடியாது. அதை நம்மவர்கள் சொன்னால்தான் உண்டு. நாளை இங்கே ஆலோசனை சொல்லப்போகும் மருத்துவருக்கும் மனநல ஆலோசகருக்கும் அந்தக் கதைகள் வேண்டும்.

வீட்டில் முதலில் பேசி முடிக்க வேண்டியவை

கணவனும் மனைவியும் ஒரு மாலைப்பொழுதில் தனியே உட்கார்ந்து, இந்த விவரம் இன்றைய தேதியில் யார் யாருக்குத் தெரியும் என்று பெயர் பெயராகச் சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த இடத்திலேயே பட்டியல் ஒத்துப்போவதில்லை. மனைவி தன் அம்மாவிடம் சொல்லியிருப்பார். அது கணவருக்குத் தெரியாது. கணவர் சிகிச்சைச் செலவுக்குப் பணம் வாங்கியபோது அண்ணனிடம் சொல்லியிருப்பார். அது மனைவிக்குத் தெரியாது. "இதைப் பற்றி வேறு யாரிடம் பேசியிருக்கிறீர்கள்?" என்பது இத்தகைய ஆய்வுகளில் வழக்கமாக வரும் கேள்வி. ஆய்வாளர் முன்னிலையில் இந்த முரண் முதல்முறையாக வெளிப்படுவது இருவருக்கும் நல்லதல்ல. இருவரையும் சேர்த்து நேர்காணல் செய்வார்களா, தனித்தனியாகவா என்பதையும், தனித்தனியாக என்றால் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியவராது என்ற உறுதி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஒருவருக்கு விருப்பமிருந்து மற்றவருக்கு இல்லையென்றால் பங்கேற்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சில ஆய்வுகள் ஒருவரின் சம்மதம் மட்டும் போதும் என்று சொல்லக்கூடும். ஆனால் ஆய்வு முடிந்த பிறகும் அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் நீங்கள் இருவரும்தான். கணவர் வளைகுடாவில் இருந்தால் அவசரமாக வாட்ஸ்அப்பில் கேட்டு, "உன் இஷ்டம்போல் செய்" என்ற பதிலோடு முடித்துவிடாமல், ஆய்வைப் பற்றி ஆய்வாளர் தரும் தகவல் தாளை அவருக்கு முழுமையாக அனுப்பி, அவர் படித்த பின் பேசுங்கள். துபாய், அபுதாபி, மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி, கத்தார், குவைத் நேரம் இரண்டரை மணி நேரமும் பின்னால் இருப்பதை ஆய்வாளரிடம் சொன்னால், வீடியோ அழைப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

அடுத்து, பிள்ளை. நம் ஊரில் பிள்ளை பார்க்க வருகிறவர்களின் முதல் பேச்சே, "பிள்ளை யாருக்க சாயல்? அப்பனுக்கயா, அம்மைக்கயா?" என்பதுதான். கேட்பவருக்கு அது பாசம். கருமுட்டைக் கொடையால் பெற்ற தாய்க்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நெஞ்சை அடைக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர் இத்தனை நாள் என்ன பதில் சொல்லி வந்தார் என்பது ஆய்வுக்கு மிகவும் பயனுள்ள செய்தி. ஆனால் பிள்ளையிடம் இன்னும் சொல்லாத குடும்பமாக இருந்தால், ஆய்வில் சேர்வதே பிள்ளைக்குத் தெரியவருவதற்கான வாசலாகிவிடக்கூடும் என்பதை மறக்கக்கூடாது. பிள்ளைக்கு இந்தச் செய்தி பெற்றவர் வாயிலாகத்தான் போக வேண்டும். படிவத்தின் தலைப்பிலிருந்தோ, ஆய்வாளர் வாய் தவறிச் சொன்ன சொல்லிலிருந்தோ, பக்கத்து அறையில் கேட்ட பேச்சிலிருந்தோ போகக்கூடாது. சொல்வதென்று முடிவெடுத்திருந்தால் ஆய்வுக்கு முன் சொல்லி, பிள்ளை அதை உள்வாங்கக் கொஞ்ச காலம் விடுங்கள். சிறு பிள்ளையிடம், "மக்களே, உன்னைப் பெறுவதற்கு அம்மையும் அப்பாவும் ரொம்ப நாள் காத்திருந்தோம், டாக்டரும் இன்னொருத்தரும் உதவி செய்தாங்க" என்று தொடங்கினால் போதும், வயது ஏற ஏற விவரம் கூட்டலாம். சொல்வதில்லை என்றோ இப்போது வேண்டாம் என்றோ முடிவெடுத்திருந்தால், அதையும் ஆய்வாளரிடம் முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாத பெற்றோரின் காரணங்களும் ஆய்வுக்குரியவையே; அதற்காக உங்களை யாரும் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆய்வு யாருடையது என்று உறுதிசெய்தல்

மனிதர்களைப் பங்கேற்பாளராகக் கொண்ட மருத்துவ, சுகாதார ஆய்வுகளுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் பொருந்தும். அவற்றின்படி ஆய்வு தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். எத்திக்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஒப்புதல் எண், தேதி, எந்த நிறுவனத்தின் குழு, குறை இருந்தால் அக்குழுவில் யாரைத் தொடர்புகொள்வது ஆகியவற்றைக் கேளுங்கள். உண்மையான ஆய்வாளர் இதைக் கேட்டதும் மகிழ்வாரே தவிரக் கோபிக்க மாட்டார். மழுப்பினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அழைப்பு நீங்கள் சிகிச்சை எடுத்த மருத்துவமனை வழியாக வந்திருந்தால் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளைப்பேறு தந்த டாக்டர் கேட்கும்போது மறுக்க நம்மில் பலருக்கு நா எழாது. உறைந்த கரு இன்னும் அங்கே சேமிப்பில் இருக்கும், இரண்டாவது குழந்தைக்காக மறுபடியும் போக வேண்டியிருக்கும் என்றெல்லாம் மனம் கணக்குப் போடும். பங்கேற்க மறுத்தால் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்கக்கூடாது என்பது நெறிமுறை. அந்த வாக்கியம் தகவல் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனை உங்கள் எண்ணை உங்களைக் கேட்காமல் ஆய்வாளருக்குக் கொடுத்திருந்தால் அது ஏன் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதேபோல் ஊர்த் தலைவரோ, பங்குத் தந்தையோ, மகளிர் குழுத் தலைவியோ உங்கள் சார்பில் சம்மதம் சொல்ல முடியாது. ஆய்வாளரை ஊருக்குள் அறிமுகப்படுத்துவது வேறு. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது வேறு.

தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளைக் கையில் கொடுத்து, "எல்லாம் வழக்கமானதுதான்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடனிருக்க, தாளை வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகே கைரேகை பெற வேண்டும். அந்தச் சாட்சி யார் என்பதில் உங்கள் விருப்பத்தைச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரர் சாட்சியாக உட்கார்ந்தால் இரகசியம் அந்த நிமிடமே போயிற்று. கையெழுத்தான பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். ஒப்புதலைத் திரும்பப் பெறுவது எப்போதும் உங்கள் உரிமை. ஆனால் பெயர்களை நீக்கி எல்லோருடைய பதில்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்ட பிறகு உங்களுடையதை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே எந்தக் கட்டம்வரை என் பதில்களை அழிக்கச் சொல்லலாம் என்று தேதியோடு கேட்டுக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலி இழப்பும் ஈடுசெய்யப்படலாம். அதற்கு மேல் பெருந்தொகை காட்டி அழைத்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

சொத்துரிமை பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கிறது. கொடையாளர் வழிப் பிறந்த பிள்ளை என்று எங்கோ ஒரு தாளில் பதிவானால், பின்னாளில் பங்காளிகள் அதைப் பிடித்துக்கொள்வார்களோ என்று கேட்கிறார்கள். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் 2021ஆம் ஆண்டின் உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், இவ்வழியில் பிறந்த குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும் என்றும், இயல்பாகப் பிறந்த பிள்ளைக்குள்ள எல்லா உரிமையும் அதற்கு உண்டு என்றும், கொடையாளருக்குப் பெற்றோர் உரிமை எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. ஆய்வில் பங்கேற்பதால் இந்த நிலை மாறாது.

போன், வாட்ஸ்அப், சந்திக்கும் இடம்

பெரிய இரகசியங்கள் சின்னச் சின்ன வழிகளில்தான் கசிகின்றன. ஆய்வாளரின் கணினி கடவுச்சொல்லோடு பூட்டியிருக்கும். ஆனால் அம்மாவின் போனில் விளையாடிக்கொண்டிருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கண்முன், திரையின் மேற்பகுதியில், "டோனர் குடும்ப ஆய்வு: நாளைய நேர்காணல்" என்று ஒரு செய்தி வந்து நின்றால் என்ன செய்வது? முதல் தொடர்பிலேயே இப்படி எழுதி அனுப்பிவிடுங்கள்: "எனக்கு அனுப்பும் செய்திகளில் ஆய்வின் பெயரோ, கொடை, டோனர், சிகிச்சை என்ற சொற்களோ வர வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணிக்குள் அழையுங்கள். வேறு யாராவது போனை எடுத்தால் கல்லூரியிலிருந்து பேசுவதாக மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்." ஆய்வாளரின் எண்ணை வெறும் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். தபாலில் ஏதாவது அனுப்புவதானால் உறையின் மேல் ஆய்வுத் தலைப்பு அச்சிடப்படக் கூடாது என்று சொல்லுங்கள். இணைய வினாத்தாளை வீட்டில் எல்லோரும் புழங்கும் கணக்கில் நுழைந்து நிரப்ப வேண்டாம்.

நேர்காணலை வீட்டில் வைத்துக்கொள்வது வசதி என்று தோன்றும். நம் ஊர் வீடுகளில் அது நடக்காது. புதிதாக ஓர் ஆள் படியேறினால், "ஆரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வருவார், மாமியார் சாயாவோடு ஏத்தங்காய் சிப்ஸும் கொண்டுவந்து வைத்து, விருந்தாளியை மதிப்பதாக எண்ணி அருகிலேயே உட்கார்ந்துவிடுவார். அவர்களை எழுந்து போகச் சொல்ல யாராலும் முடியாது. கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு தனி அறை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மார்த்தாண்டத்துக்காரர் நாகர்கோவிலிலும், நாகர்கோவில்காரர் திருநெல்வேலியிலும் சந்திப்பது நல்லது. சொந்த ஊரில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டு, "இங்கே என்ன விஷயம்?" என்று கேட்காமல் இருக்க அந்தத் தொலைவு உதவும். ஆய்வாளர் எந்த ஊர்க்காரர் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்வியில் உறவுமுறை கண்டுபிடித்துவிடும் மாவட்டம் இது. உங்கள் சித்தி மகளின் தோழியாக இருந்தால் வேறு ஒருவரை அனுப்பும்படி கேட்பதில் தவறில்லை.

பெயரை மாற்றிவிடுவோம் என்று எல்லா ஆய்வாளர்களும் சொல்வார்கள். நம் ஊருக்கு அது போதாது. "கிள்ளியூர் வட்டம், 44 வயதில் இரட்டைக் குழந்தை, கணவர் ஓமனில் எண்ணெய் நிறுவனத்தில்" என்று ஒரு வரி அச்சானால், பெயரே இல்லாமல் ஊரில் எல்லோரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஊரின் பெயர், தொழில், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, சபையின் பெயர் ஆகியவற்றில் எவையெவை எழுத்தில் வரும் என்று கேட்டு, "தென் தமிழ்நாடு" என்ற அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். நேர்காணலின் எழுத்து வடிவத்தை உங்களுக்குக் காட்டி, அடையாளம் தெரியும் பகுதிகளை நீக்க வாய்ப்பளிப்பார்களா என்றும், ஒலிப்பதிவை யார் கேட்பார்கள், எழுத்தாக்கிய பின் எப்போது அழிப்பார்கள் என்றும் கேளுங்கள்.

கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது

வெளிநாட்டு மாதிரியில் தயாரான வினாத்தாள்களில் கொடையாளரின் பெயர், தொடர்பு, அவர் வழிப் பிறந்த மற்றப் பிள்ளைகள் பற்றியெல்லாம் கேள்வி இருக்கலாம். சுவீடனில் 1985 முதல் நடைமுறையில் உள்ள சட்டமும், இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியும், அவ்வழிப் பிறந்த பிள்ளைகள் உரிய வயதில் கொடையாளர் யாரென்று அறிய இடமளிப்பதால் அங்கே அக்கேள்விகள் இயல்பானவை. நம் நாட்டில் கொடையாளரின் அடையாளம் இரகசியமாகக் காக்கப்படுகிறது; சட்டப்படி ஒருவரின் கொடையை ஒரு தம்பதிக்கு மேல் வழங்கவும் கூடாது. ஆகவே அக்கேள்விகளுக்கு "தெரியாது" என்பதே நமக்குச் சரியான பதில். ஆய்வுக்காகக் கொடையாளரைத் தேடிப் புறப்பட வேண்டாம். எச்சிலோ ரத்தமோ மரபணுச் சோதனைக்காகக் கேட்டால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும்; அந்தச் சோதனை காட்டும் உறவுமுறை யாருக்குத் தெரிவிக்கப்படும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வராதவரை நான் என் பிள்ளையின் எச்சிலைக் கொடுக்க மாட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது கலைந்துபோன கருக்களும், கடன் வாங்கிய நாள்களும், சொந்தக்காரர்கள் சொன்ன சுடுசொற்களும் நினைவில் எழும். அழுகை வந்தால் பதிவை நிறுத்தச் சொல்லுங்கள். பிடிக்காத கேள்வியைக் காரணம் சொல்லாமல் தாண்டலாம். ஆய்வாளர் ஆலோசகர் அல்லர். பிறகு மனம் அமைதியடையவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம்.

பிள்ளையிடமும் பேச விரும்பினால், பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், 12 முதல் 18 வரை எழுத்து வழி இசைவும் தேவை என்று மேலே சொன்ன நெறிமுறைகள் கூறுகின்றன. படம் வரைதல், பொம்மை விளையாட்டு, "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" போன்ற கேள்விகள் ஆகியவையே பெரும்பாலும் இருக்கும். கேள்விப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். பிறப்பு விவரம் தெரியாத பிள்ளையிடம் அதைத் தொடும் எந்தக் கேள்வியும் கூடாது என்று எழுத்தில் பெறுங்கள். பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்று முகம் திருப்பினால், "அந்த அக்கா இவ்வளவு தூரம் வந்திருக்காங்கல்லா, ஒரு பத்து நிமிஷம் பேசு மக்களே" என்று வற்புறுத்தாதீர்கள்.

முடிவுகள் வெளியாகும்போது எளிய தமிழில் சுருக்கம் அனுப்பச் சொல்லிக் கேட்டு வையுங்கள். ஒப்புதல் பிரதியையும் தகவல் தாளையும் சிகிச்சைக் கோப்போடு பூட்டி வைத்திருங்கள். பல ஆண்டுகள் தொடரும் ஆய்வாக இருந்தால், ஒவ்வொரு முறை அவர்கள் திரும்பி வரும்போதும் வேண்டுமா வேண்டாமா என்று இருவரும் புதிதாகப் பேசி முடிவெடுக்கலாம். முதல் முறை சம்மதித்ததற்காகக் கட்டுப்பட்டிருக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது ஆய்வில் தொடர்வதற்குப் பிள்ளையிடமே புதிய ஒப்புதல் பெற வேண்டும். அந்த வயதை ஆய்வுக்காலத்துக்குள் பிள்ளை தொடும் என்றால், அதற்கு முன்பே பிறப்பு விவரத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதை இன்றைக்கே, முதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், எண்ணிப் பார்த்துவிடுங்கள். முடியாது என்று தோன்றினால் ஒரே முறை நடக்கும் நேர்காணல் ஆய்வை மட்டும் தேர்ந்தெடுங்கள்.